தஞ்சைக்கு எல்லைக்கோடு, குடந்தைக்கு நிலத் தொகுப்பு

காவிரிப் படுகையின் நகரங்கள் இன்று நஞ்சையைத் தின்றுதான் வளர்கின்றன. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கும் வேறு சில தொழில்களுக்கும் தடை விதித்ததே தவிர, வயல் வீட்டுமனையாவதைத் தடுக்கவில்லை. அதைத் தடுப்பதோ ஒழுங்குபடுத்துவதோ நகரத் திட்டமிடலின் வேலை. 2014-இல் மாநகராட்சியான தஞ்சாவூரும் 2021-இல் மாநகராட்சியான கும்பகோணமும் இதற்காக வெளியூர்களைப் பார்ப்பதானால், நேர் எதிரான இரு வழிகளைக் கையாண்ட போர்ட்லாந்தையும் அகமதாபாத்தையும் பார்க்கலாம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1973-இல் இயற்றிய சட்டப்படி, அங்குள்ள ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஒரு வளர்ச்சி எல்லை வரைந்துகொள்ள வேண்டும். போர்ட்லாந்து வட்டாரத்துக்கான எல்லை 1979-இல் நடைமுறைக்கு வந்தது. கோட்டுக்கு உள்ளே நகரம், வெளியே விளைநிலமும் காடும். ஆனால் அது கல்லில் வெட்டிய கோடு அன்று: அடுத்த 20 ஆண்டுகளின் வீட்டுத் தேவைக்குப் போதிய நிலம் உள்ளே இருக்கிறதா என்று குறித்த காலத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, தேவையானால் நகர்த்த வேண்டும் என்பதும் சட்டமே. கோட்டுக்கு வெளியே நிலம் வைத்திருந்தவர்களின் மனக்குறை 2004-இல் இழப்பீடு கோரும் வாக்கெடுப்பாக வெடித்து வெற்றியும் பெற்றது. 2007-இல் மற்றொரு வாக்கெடுப்பு அதன் வீச்சைச் சுருக்கியது. மகள் திருமணத்துக்கும் மகன் படிப்புக்கும் இரண்டு மா நிலத்தை விற்கும் நம் ஊர்க் குடும்பங்களிடம் இந்தக் குறை இன்னும் ஆழமாகவே எழும். அதை எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

அகமதாபாத் கோடு கிழிப்பதைவிட நிலத்தைச் சேர்த்துப் பிரிப்பதையே நம்பியது. குஜராத்தின் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பகுதியின் நிலங்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் தொகுத்து, சாலை, பூங்கா, பள்ளி, ஏழைகளுக்கான குடியிருப்பு ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கி, வசதிச் செலவுக்காக விற்பதற்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, எஞ்சியதைச் சீரான மனைகளாக உரியவர்களுக்கே திருப்பித் தருகிறார்கள். உரிமையாளர் ஏறத்தாழ 40 விழுக்காடு நிலத்தை இழந்தாலும், மீதியின் மதிப்பு உயர்வதால் பொதுவாக நட்டப்படுவதில்லை. ஏறத்தாழ 76 கிலோமீட்டர் நீளமுள்ள சர்தார் படேல் சுற்றுச்சாலைக்கான நிலத்தில் பெரும்பகுதி இந்த முறையில்தான் கிடைத்தது.

நம்மிடம் நடப்பது இந்த இரண்டுமே அன்று. மனைப்பிரிவு போடுபவர் தன் அளவில் சாலை விடுகிறார். பெரிய மனைப்பிரிவானால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகவும் ஒப்படைக்கிறார். அவர் விட்ட 30 அடிச் சாலை அடுத்த மனைப்பிரிவின் சுற்றுச்சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. இதைவிடப் பெரிய கேடு நீர்வழியில் நேர்கிறது. படுகையில் பல இடங்களில் ஒரு வயல் நிறைந்த பிறகே அடுத்த வயலுக்குத் தண்ணீர் பாயும். நடுவே ஒருவர் செம்மண் கொட்டி மேடாக்கி, பாசன வாய்க்காலைச் சிறு சிமென்ட் குழாய்க்குள் அடக்கிவிட்டால், கீழ்மடைக்காரருக்குக் குறுவையில் தண்ணீர் எட்டாது. ஐப்பசி மழையில் மேலே உள்ள சம்பா வயலின் நீர் வடியாது. பிறகு வெள்ளத்தைத் தாங்கவேண்டியது மனை வாங்கி வீடு கட்டியவரும்தான்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் இரு நகரங்களுக்கும் ஒரே மருந்து பொருந்தாது. தஞ்சாவூர் படுகையின் விளிம்பில் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் வடவாறு, வெண்ணாற்றுப் பாசன நஞ்சை. தென்மேற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு. போர்ட்லாந்து வழி இங்கே இயல்பாகவே பொருந்தும்: நஞ்சைப் பக்கம் கோட்டை இறுக்கி, வல்லம் பக்கம் தாராளமாக விடலாம். மேட்டு நிலத்து ஏரிகளின் நீர்வரத்தைக் காப்பதும், குடிநீருக்கு முன்கூட்டியே வழி செய்வதும் அதற்கு நிபந்தனைகள்.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே பிறந்து இரு கரையையும் தாண்டிவிட்ட கும்பகோணத்துக்கு அப்படி ஒதுங்க மேடு கிடையாது. எத்திசையில் போனாலும் நஞ்சைதான். இங்கே எல்லைக்கோடு மட்டும் போட்டால் ஊருக்குள் மனை விலை ஏறி, சாதாரணக் குடும்பங்கள் கோட்டைத் தாண்டிய ஊராட்சிகளில் போய் வாங்குவார்கள். ஆகவே எடுக்கும் நிலத்தைக் குறைவாகவும் முறையாகவும் எடுக்கும் அகமதாபாத் வழியே இங்கு ஏற்றது. அதிலும் ஒரு திருத்தம் வேண்டும். அகமதாபாத்தின் வரைபடத்தில் சாலை முதலில் வந்தது. மழைக்காலத்தில் தெருக்களில் நீர் தேங்கும் தொல்லை அங்கே இன்றும் தீரவில்லை. குடந்தையின் வரைபடத்தில் வாய்க்காலும் வடிகாலும் முதலில் வர வேண்டும். கிராமப் புலப்படங்களில் உள்ள வாய்க்கால் புறம்போக்கை அப்படியே எடுத்து வைத்து, இரு கரையிலும் தூர்வாரும் இயந்திரம் போகும் அளவுக்கு இடம் விட்டு, அதன் பிறகே சாலையும் மனையும் வரையப்பட வேண்டும்.

இதற்குத் தொடக்கமாக விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையை ஒட்டிய வயல்களை எடுத்துக்கொள்ளலாம். 2028 மகாமகத்துக்கான பணிகளால் குடந்தையைச் சுற்றிலும் நில விலை ஏறுமுன் அங்கே நிலத் தொகுப்பு அறிவிக்கப்பட வேண்டும். விலை ஏறிய பிறகு பத்தில் நான்கு பங்கை விட்டுக்கொடுக்க எந்த உரிமையாளரும் முன்வரமாட்டார்.