'நாட்டு கிராப் ஆப்பிள்' வாங்குகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஓஹையோ பக்கம் தோட்டத்தில் உள்ளூர் மரம் வைக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு. கிராப் ஆப்பிள் என்றால் சின்னச் சின்னப் பழம் காய்க்கும் ஆப்பிள் வகை. ஆன்லைன் நர்சரி ஒன்றில் 'அமெரிக்க நாட்டு கிராப் ஆப்பிள், மாலஸ் கொரோனேரியா' என்று போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டினேன். வந்து சேர்ந்ததோ ஆசிய அலங்கார ரகம்.

மார்ச்சில் இலையே இல்லாமல் வெறும் வேரோடு அனுப்புகிறார்கள். அந்த நிலையில் எல்லாம் ஒரே குச்சிதான். உத்தரவாதம் மே மாதத்தோடு முடிகிறது, ஆனால் இனம் தெரிவதே அதற்கப்புறம்தான். நல்ல ஏற்பாடு!

கொரோனேரியாவின் வீரியமான புதுத் தளிர்களில் இலை ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். குட்டைக் கிளைகளின் நுனி முள்ளாகக் கூர்த்திருக்கும், கையை விட்டால் கீறும். எனக்கு வந்ததில் வெட்டும் இல்லை, முள்ளும் இல்லை. பிறகு காய்த்தபோது சந்தேகமே போய்விட்டது: பட்டாணி அளவில் சிவப்புப் பழங்கள், பனி கொட்டும்வரை உதிராமல் தொங்கின. கொரோனேரியா பழம் சிவக்கவே சிவக்காது. ஓர் அங்குலமோ சற்றுக் கூடவோ இருக்கும். பழுத்தாலும் பச்சை அல்லது மஞ்சள் கலந்த பச்சைதான். தொட்டால் பிசுபிசுக்கும், வாசனை தூக்கும், கடித்தால் புளிப்பில் முகம் கோணிவிடும்.

புகார் செய்ததற்கு வந்த பதில்: "இரண்டு அங்குலத்துக்குள் பழம் இருந்தால் கிராப் ஆப்பிள்தான்." தோட்டக்கலை வழக்கில் அது சரி. 'நாட்டு' என்று எழுதியதற்கு என்ன பதில் என்றேன். அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள்!

சாலையோரத்தில் தானாக முளைத்த சாதாரண ஆப்பிளைக் காட்டு மரம் என்று விற்பதும் நடக்கிறது. நாம் கடையில் வாங்கும் ஆப்பிளின் பூர்வீகம் கஜகஸ்தானின் தியான் ஷான் மலைப்பக்கம். இங்கே குடியேறியவர்கள் கொண்டுவந்தது. அதன் இலையில் வெட்டு இருக்காது, அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல ரோமம் இருக்கும். ஆனால் ரோமத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இல்லினாய், அயோவா பக்கத்து நாட்டு இனமான மாலஸ் அயோயென்சிஸ் (Malus ioensis) இலைக்கும் அடியில் ரோமம் உண்டு.

பணம் கட்டுவதற்கு முன் விதை எந்த மாநிலத்தில் எடுத்தது, விதைக்கன்றா ஒட்டுக்கன்றா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். கவுண்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) மண், நீர் பாதுகாப்பு அலுவலகங்கள் பல வசந்தத்துக்கு முன்பே கன்றுகளுக்கு ஆர்டர் எடுக்கும். அங்கேயும் 'கிராப் ஆப்பிள்' என்று மட்டும் போட்டிருந்தால் முழு இனப்பெயரைக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.