டேபிள் சாயும் ரம்பத்துக்குப் பின்மேசை: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

எங்கள் பட்டறையில் இருக்கும் மரம் அறுக்கும் ரம்பம் பிளேடு சாயும் ரகம் இல்லை, டேபிள் சாயும் ரகம். மோட்டார், பெல்ட், பிளேடு எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். சாய்வு வெட்டு வேண்டுமென்றால் மேல் தகட்டை 45 டிகிரி வரை ஒரு பக்கமாகச் சரிக்க வேண்டும். அமெரிக்காவில் 1947-ல் வந்த ஷாப்ஸ்மித் மெஷினிலும் இதே ஏற்பாடுதான். உள்ளே சிக்கலான பாகம் குறைவு, பழுது என்றால் பொள்ளாச்சியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அறுபட்டு வெளியே வரும் பலகையைத் தாங்கப் பின்னால் ஒரு மேசை போட நினைத்தால், அப்போது தெரியும் இதன் குணம்.

பின்மேசை எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பலகை பாதிக்கு மேல் டேபிளைத் தாண்டியதும் முன்முனை தொங்கும், பின்முனை தூக்கும். அதை அமுக்கப் பிளேடுக்கு மேலாகக் குனிய வேண்டும். நம் ஊரில் இதற்கு வழக்கமான வைத்தியம், பின்னால் ஒரு பையனை நிறுத்துவது. அவன் தாங்கிப் பிடித்தால் போதும். ஆனால் கை சும்மா இருக்காது, இழுப்பான். கொஞ்சம் கோணலாக இழுத்தாலும் பலகை பிளேடின் பின்பக்கத்தை நெருக்கும். அங்கே பற்கள் மேல்நோக்கி வருவதால், பலகையைத் தூக்கி, தள்ளுகிறவர் மேலேயே வீசிவிடும். மேசை இழுக்காது. எனக்கு அது ஒன்றே போதும்.

ரோலர் ஸ்டாண்டும் வைத்துப் பார்த்தோம். ரோலர் பிளேடுக்கு நேர் குறுக்காக இல்லாவிட்டால் பலகையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். தரையில் மேடு பள்ளம் இருந்தால் தினமும் சரிபார்க்கும் வேலை வேறு. அதை இப்போது ஓரமாக வைத்தாயிற்று.

பக்கத்துப் பட்டறை ஆசாரி இந்த மேசையை முதலில் பார்த்தபோது கேட்டது ஒரே கேள்விதான். "ஏனுங்ணா, டேபிளைச் சாய்ச்சா பலகை எங்கீங்க போகும்?" சரியான கேள்வி. எங்கள் டேபிள் இரண்டடி அகலம். 45 டிகிரி சாய்த்தால் ஒரு ஓரம் எட்டரை அங்குலம் கீழே இறங்கும், மறு ஓரம் அதே அளவு ஏறும். டேபிள் சாய்வதைப் பின்மேசை தடுக்காது, ஏனென்றால் சாய்வது பக்கவாட்டில். ஆனால் தாழ்ந்த பக்கமாக வரும் பலகை நேராகப் போய் மேசையின் விளிம்பில் முட்டி நிற்கும். பிளேடு ஓடும்போது பலகை அப்படித் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, மேசையைக் கீல் போட்டு மடக்கித் தொங்கவிட்டால் மட்டும் போதாது. கீல் மாட்டியிருக்கும் சட்டமும் கீழே இறங்க வேண்டும்.

மேசையை ரம்பத்தின் டேபிளிலேயே தொங்கவிட்டால் சேர்ந்து சாயுமே என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பாரம் முழுவதும் சாய்வைப் பூட்டும் திருகின் மேல் விழும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாங்கள் மெஷினின் கால்சட்டத்தில் ஒன்றேகால் அங்குலச் சதுரக் குழாய் இரண்டை வெல்டிங் வைத்து, அதற்குள் கீல் சட்டத்தைத் தாங்கும் ஒரு அங்குலக் குழாய் ஏறி இறங்குவது போலச் செய்திருக்கிறோம். மேலே நிறுத்த ஒரு துளை, பத்து அங்குலம் கீழே ஒரு துளை, குறுக்கே செருக ஒரு பின். தனியாகக் கால் வைத்து நிறுத்தாமல் மெஷினோடு சேர்த்ததால், மெஷினை நகர்த்தினாலும் இடைவெளி மாறுவதில்லை.

அப்புறம் நீளம். இதில்தான் கணக்கு இடிக்கும். எங்கள் டேபிள் 34 அங்குல உயரம். சட்டம் பத்து இறங்கினால் மிச்சம் 24. தரையில் உரசாமல் தொங்க வேண்டுமென்றால் மேசை 22 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அது எட்டடிப் பலகைக்குப் போதவே போதாது. அதனால் இரண்டு துண்டு: 22, அதன் நுனியில் கீல் போட்டு 16. பிளேடுக்குப் பின்னால் டேபிளே ஒரு அடி இருக்கிறது. மொத்தம் 50 அங்குலம். எட்டடிப் பலகையின் நடு 48-ல் விழுவதால் நுனி வரை வந்தும் கவிழாது. மேசையைத் தாங்க மெஷினின் அடிக்காலிலிருந்து சாய்வாக ஒரு முட்டு. இரண்டாம் துண்டுக்கு அடியிலிருந்து இழுத்துவிடும் இரண்டு சட்டங்கள்.

மேலே 18 மில்லி ப்ளைவுட், ஈரம் தாங்கும் மரைன் ரகத்துக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது. சன்மைக்கா இரண்டு பக்கமும் ஒட்டினோம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். அதுவும் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கிற ஊரில் சொல்லவே வேண்டாம். பல மழைக்காலம் கண்டும் மட்டம் மாறவில்லை. ரம்பத்தின் டேபிளைவிட அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) தாழ்வாக வைத்து, முன் விளிம்பைச் சரிவாக இழைத்திருக்கிறது. உயரம் சமமாக இருந்தால்தான் அழகு என்று தோன்றும், ஆனால் மயிரிழை உயர்ந்தாலும் பலகை தட்டும். குறுக்கு வெட்டுக்குப் பலகையைப் பிடித்துத் தள்ளும் மைட்டர் கேஜின் கம்பி வந்து போகப் பள்ளம் வேண்டும். 19 மில்லிக் கம்பிக்கு 25 மில்லி அகலம் விட்டால் தாராளம்.

இந்தப் பள்ளம்தான் புழக்கத்தில் அதிகம் தொல்லை கொடுத்தது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைமரம் நிறைய அறுக்கிறோம். வெளிவைரம் இரும்பாக இருக்கும், உள்சோறு பஞ்சாக இருக்கும். இரண்டும் சேர்ந்து வரும் நார் பள்ளத்தில் அடைந்து கெட்டியாகிவிடும். கம்பி முட்டும்போதுதான் தெரியும். பள்ளத்தின் கடைசியில் கீழே வரை ஒரு ஓட்டை போட்ட பிறகு தூள் தானாகவே விழுந்துவிடுகிறது.

இன்னொன்று, உயரத்தை நிறுத்தும் அந்தப் பின். மெஷின் அதிரும்போது துளை முட்டை வடிவமாகத் தேய்ந்து, மேசை ஒரு பக்கம் இறங்க ஆரம்பித்தது. இப்போது உள்குழாயின் அடியில் ஒரு போல்ட்டும் லாக் நட்டும் வைத்து, பாரத்தை அதன் மேல் விட்டாயிற்று. அந்தப் பின் இப்போது சும்மா காவலுக்கு. புதிதாகச் செய்பவர்கள் இதை ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. மற்ற நட்டுகளுக்கு நைலான் வைத்தது போட்டால் அதிர்வுக்குக் கழலாது. மெழுகுவர்த்தியை மேலே தேய்த்து விட்டால் பலகை வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் வேண்டாம், மரத்தில் கறை ஏறும்.

சாய்வு வெட்டுக்கு இந்த மேசையால் ஒரு உபயோகமும் இல்லை, ஒதுங்கிக்கொள்வதைத் தவிர. அதற்கு, பலகை ஒட்டி ஓடும் தடுப்பான ஃபென்ஸைத் தாழ்ந்த பக்கம் வைத்து, நீளமான ஒரு சட்டத்தை அதோடு முடுக்கிப் பின்னால் நீட்டிவிடுகிறோம். பலகை அதன் மேல் சாய்ந்தபடியே வெளியே போகும். நாலடிக்கு மேல் நீளமென்றால் சாய்வை ரம்பத்தில் எடுப்பதைவிட இழைப்புளியில் எடுப்பதே எனக்குச் சௌகரியம்.

மேசை என்று ஒன்று வந்துவிட்டால் பெவிக்கால் டப்பா, டீ கிளாஸ், அளவு நாடா எல்லாம் அதன் மேல் குடியேறும். இதற்கு மட்டும் இன்னும் மருந்து கிடைக்கவில்லை. மெஷின் போடும் முன் ஒரு முறை துடைத்து எறிகிறோம்.

ஆசாரி இப்போது தன் மெஷினுக்கும் போடப் போகிறார். அவர் டேபிள் இரண்டரை அடி அகலம், உயரம் 32 அங்குலம். ஓரம் பத்தரை அங்குலத்துக்கு மேல் இறங்கும் என்பதால் சட்டத்தைப் பன்னிரண்டு இறக்க வேண்டும். முதல் துண்டு 18-ஐத் தாண்ட முடியாது. அவர் அறுப்பது பெரும்பாலும் ஏழடிக் கதவுச் சட்டம். பிளேடுக்குப் பின்னால் அவர் டேபிளும் ஒரு அடிதான். இரண்டாவது துண்டு 14 போட்டால் 44 வந்துவிடும், அவருக்கு அது போதும்.