பழைய ஹாலிவுட் ஓட்டலில் அறை போடுகிறீர்களா? எந்தக் கட்டடம் என்று எழுதி வாங்குங்கள்

லாஸ் ஏஞ்சல்ஸ் போகிறவர்கள், முக்கியமாகப் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால் ஓட்டலின் பெயரைச் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கருப்பு வெள்ளைக் கால ஹாலிவுட் படங்கள் என்றால் உயிர். அந்த நடிகர்கள் புழங்கிய கட்டடத்தில் அவரைத் தங்க வைக்க ஆசைப்பட்டோம். ஓட்டல் காட்டிய படங்கள் எல்லாம் பழைய கட்டடத்தினுடையவை: ஓவியம் தீட்டிய உத்தரங்கள், வளைவுகள், அகலமான படிக்கட்டு. வாடகையும் அதற்கேற்ற மாதிரிதான். போய் இறங்கினால், ரிசப்ஷன் மட்டும்தான் அங்கே. எங்களுக்குக் கிடைத்த அறை கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, பிற்காலத்தில் கட்டிய பின்கட்டடத்தில். தாழ்ந்த கூரை, ஜன்னலைத் திறந்தால் ஏசி இயந்திரங்களின் இரைச்சல். கேட்டதற்கு, "இரண்டுமே எங்கள் ஓட்டல்தான்" என்றார்கள். பழைய கட்டடத்துக்கு மாற ஓர் இரவுக்கு இன்னும் 180 டாலராம். நீச்சல் குளத்தை யாரோ விருந்துக்கு எடுத்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம். அப்பா தூங்கவே இல்லை.

எனக்கு அதிகம் கோபம் வந்தது வேறொன்றில். முதல் ஆஸ்கர் விழா இங்கேதான் நடந்தது என்று ஓர் ஊழியர் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார். "இல்லையே, 1929 மே 16, ரூஸ்வெல்ட் ஓட்டல்" என்று அப்பா மெதுவாகத் திருத்தினார். உண்மையான வரலாறு அந்த ஊரில் இல்லாமலில்லை. 1923இல் திறந்த பில்ட்மோர் ஓட்டலில் முப்பதுகளில் பல ஆஸ்கர் விழாக்கள் நடந்தன. அதே பெருமை கொண்ட அம்பாசடர் ஓட்டலை இடித்துவிட்டார்கள், அங்கே இப்போது பள்ளி. நின்றிருப்பவை கொஞ்சம்தான், அதை நம்பி வரும் பெரியவரிடம் பொய் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் பில். முன்பதிவில் காட்டாத 'டெஸ்டினேஷன் ஃபீ' (வாடகைக்கு மேல் ஓட்டல் கட்டாயமாகப் போடும் கட்டணம்) ஒவ்வொரு இரவுக்கும் ஏறியிருந்தது. இதை விடாதீர்கள். கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல், கட்டாயக் கட்டணம் எதுவானாலும் விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். அரசு வரியை மட்டும் தனியாகப் போடலாம். 2025 மே 12 முதல் ஓட்டல்களுக்கு நாடு முழுவதும் இதே விதி. மேலாளரைக் கூப்பிட்டு இதைச் சொன்னதும் அந்தத் தொகையை மறுபேச்சின்றி பில்லிலிருந்து நீக்கிவிட்டார். நகராட்சியின் ஓட்டல் வரி நியாயமானது, அதற்குச் சண்டை போட வேண்டாம்.

பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: அறை பழைய கட்டடத்திலா, எத்தனையாவது மாடி, அந்தத் தேதியில் குளம் தங்குபவர்களுக்குத் திறந்திருக்குமா? தொலைபேசியில் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். டெபிட் கார்டு வேண்டாம். முன்பணமாக முடக்கும் தொகை திரும்ப நாளாகும். அமெரிக்க கிரெடிட் கார்டு என்றால், கார்டு பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) அலுவலகத்துக்கும் இணையத்திலேயே புகார் அனுப்பலாம், நானும் அனுப்பியிருக்கிறேன். அறை விஷயத்தில் வங்கி என்ன முடிவெடுக்கிறது என்பதை வந்ததும் எழுதுகிறேன்.