ஸ்பிரிங் மாடுலித்: ஒரே செயலிக்குள் எல்லை வகுக்கும் கருவி

ஜாவாவில் வணிகச் செயலி எழுதுவோருக்கு நெடுங்காலம் பழகிய அமைப்பு, நிரலை கன்ட்ரோலர் (கோரிக்கையை ஏற்பது), சர்வீஸ் (வணிக விதிகள்), ரெப்பாசிட்டரி (டேட்டாபேஸ் அணுகல்) என்று பிரிக்கும் அடுக்குமுறை. தொடங்குவதற்கு அது எளிது. ஆனால் செயலி வளர வளர, சர்வீஸ் அடுக்குக்குள் ஆர்டரும் கையிருப்பும் பில்லிங்கும் ஒன்றையொன்று விருப்பம்போல் அழைத்துக்கொள்வதைத் தடுக்க அதில் எதுவுமில்லை. மைக்ரோசர்வீஸ் முறை ஒவ்வொரு பகுதியையும் தனிச் செயலியாக்கி அந்த எல்லையை உறுதிசெய்கிறது. அதற்கு ஈடாக, முழுதும் நிறைவேறும் அல்லது முழுதும் ரத்தாகும் ஒரே டிரான்சாக்‌ஷனில் முடிந்துகொண்டிருந்த வேலை நெட்வொர்க்கைத் தாண்டிப் பல டேட்டாபேஸ்களுக்குச் சிதறிவிடுகிறது. சிறிய குழுவுக்கு இது தேவையற்ற சுமை என்றே கருதுகிறேன்.

2023 ஆகஸ்டில் 1.0 பதிப்பாக வெளிவந்த, ஜாவாவின் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்குக்கான நூலகமான ஸ்பிரிங் மாடுலித், செயலியை உடைக்காமலேயே எல்லையை வகுக்கிறது. முதன்மை பேக்கேஜுக்கு (நிரல் வகுப்புகளின் தொகுப்புக்கு) நேர் கீழுள்ள ஒவ்வொரு பேக்கேஜும் ஒரு மாட்யூல். அதன் மேல்மட்டத்தில் பப்ளிக் என்று அறிவித்த வகுப்புகளை மட்டுமே பிற மாட்யூல்கள் பயன்படுத்தலாம், உட்பேக்கேஜ்களைத் தொடக்கூடாது. யாரேனும் இதை மீறினாலும், இரு மாட்யூல்கள் வட்டமாக ஒன்றையொன்று சார்ந்தாலும், இந்த விதிகளைச் சரிபார்க்கும் வெரிஃபை என்ற மெத்தடை அழைக்கும் டெஸ்ட் தோற்றுவிடும். பழைய செயலியில் இதை முதன்முறை ஓட்டிப் பார்ப்பவர்கள் நீண்ட பிழைப்பட்டியலுக்குத் தயாராக இருப்பது நல்லது.

இதன் சிறப்பான பகுதி ஈவென்ட் பதிவேடுதான். ஆர்டர் முடிந்ததும் வெளியாகும் ஈவென்ட் (நடந்ததைப் பிற மாட்யூல்களுக்கு அறிவிக்கும் செய்தி), ஆர்டர் சேமிக்கப்படும் அதே டிரான்சாக்‌ஷனிலேயே ஓர் அட்டவணையில் பதிவாகிறது. ஆகவே அதைக் கேட்கும் கையிருப்பு மாட்யூல் இடையில் தோற்றாலும் ஈவென்ட் தொலைவதில்லை, பின்னர் மீண்டும் அனுப்பிக்கொள்ளலாம். எனினும் கேட்கும் பகுதி ஒரே ஈவென்டை இருமுறை பெற்றாலும் தவறாத வகையில் எழுதப்பட வேண்டும். முடிந்த பதிவுகள் இயல்பாக அட்டவணையிலேயே தங்கிவிடுவதால், அவற்றை அகற்றும் ஏற்பாடும் தேவை.

குறை டேட்டாபேஸில் இருக்கிறது. ஒரு மாட்யூலின் அட்டவணையை இன்னொன்று நேரடி எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் வினவல் மொழி) வழியாகப் படித்தால் வெரிஃபை அதை அறியாது. தவிர, மாட்யூலின் உள்ளமைப்பை இது கட்டாயப்படுத்துவதில்லை. வெளிச் சேவைகள் பலவற்றோடு பேசும் பில்லிங்கில், 2005இல் மென்பொருள் வல்லுநர் அலிஸ்டர் காக்பர்ன் விவரித்த அறுகோண முறையின் போர்ட்டுகளும் (மையம் வெளியுலகோடு பேசும் இடைமுகங்கள்) அடாப்டர்களும் (அவற்றை வெளிச் சேவைகளோடு இணைக்கும் நிரல்) பயன்தரும். நாலு திரைகளில் முடியும் பயனர் விவர மாட்யூலுக்கு அடுக்குமுறையே போதும்.