எலிக்கு ரத்த டெஸ்ட்டா, பிசிஆரா?

நம்ம மலேசியா சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை தோட்டத்துல எலிக்கா பஞ்சம், ஆனா அதுக்கு ஹந்தா வைரஸ் (எலிகிட்டருந்து மனுஷனுக்கும் தொத்துற கிருமி) தொத்தியிருக்கான்னு பாக்க ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்குற புரதம்) டெஸ்ட். இதுக்கு கொஞ்சம் ரத்தம் போதும், செலவு கம்மி, எலிய உயிரோட திருப்பி விட்டுடலாம் (லயத்துல ஆயாகிட்ட இத சொல்லிப் பாருங்க, வெளக்கமாறு பறக்கும்). ஆனா எப்பவோ தொத்தினதுக்கும் பாசிட்டிவ் காட்டும், குட்டி எலின்னா தாய்கிட்ட வாங்குன ஆன்டிபாடி நம்மள ஏமாத்தும், எந்த வகை ஹந்தான்னும் சரியா பிரிக்காது.

இன்னொண்ணு பிசிஆர், இந்த லேப் டெஸ்ட் வைரஸோட ஆர்என்ஏவையே (அதோட மரபணுப் பொருள) தேடும். நுரையீரல் துண்டு இருந்தா நல்லது, 1976ல கொரியால ஹந்தா வைரஸ முதல்ல கண்டதே வயல் எலி நுரையீரல்லதான். அந்தத் துண்ட மைனஸ் 80 டிகிரில வைக்கணும், நம்ம வெயில்ல ஐஸ் பெட்டி கரைஞ்சா போச்சு.

நானா இருந்தா நிறைய எலிக்கு ரத்த டெஸ்ட், பாசிட்டிவ் வந்ததுக்கு மட்டும் பிசிஆர், ஆனா நேத்து தொத்துன எலிக்கு இன்னும் ஆன்டிபாடி வந்திருக்காது, அது இதுல தப்பிச்சிரும்.