அக்குன்னாவின் குடிலும் நுசுக்கா வராந்தாவும்

நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' (1958, தமிழில் 'சிதைவுகள்') தன் தலைப்பை அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதே நாட்டு நாவலாசிரியர் சிமமாண்டா அடிச்சியின் 'பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்' (2003) அதே சொற்களை அச்செபேயிடமிருந்து எடுத்து முதல் வாக்கியத்திலேயே வைத்து, 'வீட்டில்' என்றும் சேர்த்துக்கொள்கிறது. முன்னதில் சிதைவது, வெள்ளைக்காரர் வந்தபோது, இக்போ இனத்தவரின் ஊர். பின்னதில் எனுகு நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். திருப்பலிப் புத்தகத்தை வீசியெறிபவர் வெள்ளைக்காரர் அல்லர், அந்த வீட்டின் அப்பா, இக்போக்காரரான யூஜின்.

சமயப் பொறை எதில் நன்றாக வந்திருக்கிறது? அச்செபேயிடம் அது ஒரு வாதம். வெள்ளைக்காரரான பிரௌன் பாதிரியார் ஊர்ப் பெரியவர் அக்குன்னாவின் குடிலில் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறார். சுக்வூதான் படைத்தவர், சிறு தெய்வங்கள் அவருடைய தூதர்கள் என்கிறார் அக்குன்னா. இருவரில் ஒருவரும் மதம் மாறவில்லை. ஆனால் பிரௌனின் மரியாதையில் கணக்கும் உண்டு: நேரடித் தாக்குதல் பலிக்காது என்று தெரிந்துகொண்டு பள்ளிக்கூடம் கட்டுகிறார். அவருக்குப் பின் வரும் ஸ்மித்தின் காலத்தில் தேவாலயம் சாம்பலாகிறது.

அடிச்சியிடம் கணக்கே இல்லை. 'புறமதத்தார்' என்று யூஜின் ஒதுக்கிய தாத்தாவை, பதினைந்து நிமிடம் மட்டுமே பார்க்க அனுமதிக்கப்பட்டவள் யூஜினின் மகள் கம்பிலி. அத்தை வசிக்கும் நுசுக்கா நகரில் ஒரு விடியற்காலை, அத்தை இஃபியோமா அவளை எழுப்பி, வராந்தாவில் தாத்தா வழிபடுவதைப் பார்க்கச் சொல்கிறார். தன்னைத் தள்ளிவைத்த மகனுக்காகவும் அவர் வேண்டுகிறார். முடித்ததும் புன்னகைக்கிறார். ஜெபமாலை சொல்லி முடித்து எங்கள் வீட்டில் யாரும் புன்னகைத்ததில்லையே என்று கம்பிலிக்குத் தோன்றுகிறது. எந்த வாதமும் இதற்கு ஈடாகாது.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. இந்தத் தாத்தா வேண்டுமென்றே முள் நீக்கப்பட்டவர்; அவரை மதிப்பதில் வாசகருக்குச் சிரமமே இல்லை. அச்செபே அந்தச் சலுகையைத் தருவதில்லை. அவருடைய ஊரில் இரட்டைக் குழந்தைகள் காட்டில் வீசப்படுகின்றன. தன் வீட்டில் வளர்ந்து தன்னை அப்பா என்று அழைத்த சிறுவன் இக்கெமெஃபுனாவை நாவலின் நாயகன் ஒக்கொன்க்வோ தன் கையால் வெட்டுகிறான். அந்தக் கொலையையும் குழந்தைகளின் அழுகையையும் மறக்க முடியாத அவன் மகன் நுவோயே கிறிஸ்தவனாகிறான். அவனுக்குக் கிடைக்கும் புதுப் பெயர் ஐசக்: விவிலியத்தில் தகப்பனின் கத்திக்குத் தப்பிய பிள்ளை. இந்தப் பெயருக்கு அச்செபே ஒரு வரி விளக்கம்கூட எழுதவில்லை.