டவராவில் ஒரு கேக்: இரண்டரை ஆண்டுப் பழக்கத்திற்குப் பின்

சென்னையில் ஒற்றை அறை வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் எனக்கு, இரவு எட்டு மணிக்கு மேல் இனிப்பாக ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் கைகொடுப்பது, கடையில் வாங்கிய பிஸ்கட்டைப் பொடித்துப் பாலில் கரைத்து, காபி டவராவில் ஊற்றி, ஓடிஜி என்னும் சிறிய மின் ஓவனில் சுட்டெடுக்கும் கேக்தான். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு பரவிய அதே பிஸ்கட் கேக் இது. அன்று அது பரவியதற்குக் காரணம் அதன் எளிய கணக்கு: ஒரு பெரிய பாக்கெட் பிஸ்கட், ஒரு டம்ளர் பால், கேக்கை எழும்பவைக்க ஒரு பாக்கெட் ஈனோ, அதாவது நெஞ்செரிச்சலுக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கும் அந்தப் பொடி. நால்வர் உண்ணும் அளவை ஒருவருக்கென்று குறைத்தபோது அந்தக் கணக்கு உடைந்தது. அதைச் சரிசெய்யத்தான் எனக்கு முதல் ஓராண்டு பிடித்தது.

இப்போது என் அளவு, கிரீம் வைத்த சாக்லேட் பிஸ்கட் 60 கிராம், அதாவது போர்பன் வகையில் ஏறத்தாழ ஆறு. காய்ச்சி ஆறவைத்த பால் 60 மில்லி. மைதா ஒரு மேசைக்கரண்டி. கிரீமிலேயே போதிய சர்க்கரை இருப்பதால் மேற்கொண்டு சேர்ப்பதில்லை. மைதாவை நான் தொடக்கத்தில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் கேக் அழகாக எழும்பி, வெளியே எடுத்த இரண்டாம் நிமிடத்தில் நடுவில் குழிந்துவிடும். பிஸ்கட்டில் உள்ள மாவு ஏற்கெனவே ஒருமுறை வெந்துவிட்டது. முட்டையும் இல்லாத நிலையில், எழும்பிய கூட்டைத் தாங்கிப் பிடிக்க அதற்குத் தெம்பு கிடையாது. பச்சை மாவு ஒரு கரண்டி சேர்ந்ததும் குழிவது நின்றது.

பொடிப்பதற்கு மிக்ஸியின் சட்னி ஜாரைப் பயன்படுத்த வேண்டாம் என்று பட்டறிந்து சொல்கிறேன். எவ்வளவு கழுவினாலும் அதன் மூடியில் உள்ள ரப்பர் வளையம் பூண்டை மறப்பதில்லை. பிஸ்கட்டை உறையோடு வைத்துச் சப்பாத்திக் குழவியால் உருட்டினால் மூன்று நிமிடத்தில் வேலை முடிகிறது. அங்கங்கே குறுணையாக நின்றாலும் பாலில் ஊறிக் கரைந்துவிடும்.

அதிகத் தொல்லை கொடுத்தது ஈனோதான். ஒரு பாக்கெட்டில் 5 கிராம் இருக்கிறது. ஒரு டவராவுக்குத் தேவையோ கால் தேக்கரண்டிதான். மீதியை மடித்துக் கிளிப் போட்டு வைத்தால், சென்னையின் ஈரக்காற்றில் இரண்டு நாளுக்குள் உள்ளேயே கட்டிதட்டி, சோடாவும் சிட்ரிக் அமிலமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடுகின்றன. வீணாக்க மனம் வராமல் அதையே போட்டு, எழும்பாத கேக்கைப் பலமுறை கரண்டியால் பெயர்த்துத் தின்றிருக்கிறேன். அளவு கொஞ்சம் கூடினால் உப்புக் கரிக்கும். ஒருமுறை கவனிக்காமல் எலுமிச்சை மணம் உள்ளதை வாங்கிவிட, சாக்லேட் கேக்கில் மருந்துக்கடை வாசம் வீசியது. இத்தனைக்கும் மேலாக, ஈனோ ஈரம் பட்ட கணமே பொங்கி அடங்கிவிடும் என்பதால், ஓவன் சூடாகும் முன்பே கலந்துவிட்டால் குமிழ்கள் மேசையிலேயே வெளியேறிவிடும். ஓராண்டுக்குப் பிறகு பேக்கிங் பவுடருக்கு மாறினேன். மூடி இறுக்கமான டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கிறது. கலந்ததும் கொஞ்சம் பொங்கி, மீதியைச் சூட்டுக்கென்று வைத்திருப்பதால் நாம் பதறி ஓட வேண்டியதில்லை. அரைத் தேக்கரண்டி போதுமானது. தனியாளாகச் செய்பவர்கள் ஈனோவை நெஞ்செரிச்சலுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது என்பதே என் முடிவு.

என்னிடம் இருப்பது பத்து லிட்டருக்கும் குறைவான, 800 வாட் ஓடிஜி. அதன் திருகில் 180 என்று வைத்தால் 180 இருக்கும் என்று நம்பி, பல மாதங்கள் மேலே கருகி உள்ளே கூழாக இருந்த கேக்குகளுக்கு என் கைப்பக்குவத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி மாட்டியபோது அது 210 காட்டியது. இப்போது திருகை 150-ஐ ஒட்டி நிறுத்துகிறேன். கோடைக்கால இரவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200-க்கு இறங்கினால் கம்பி தரும் வெப்பம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். அன்று முன்சூட்டுக்குப் பத்து நிமிடம் போதாது, பதினைந்து ஆகும். மின்விளக்கு மங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நேரம் வைக்கிறேன்.

இதை ஐந்து நிமிடக் கேக் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொடித்துக் கலப்பது முன்சூட்டு நேரத்திலேயே முடிந்துவிடும் என்றாலும், அந்தப் பத்து நிமிடத்தோடு வேகும் பதினைந்தையும் ஆறும் ஐந்தையும் சேர்த்தால் அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடத்தில் ஆகும் கோப்பைக் கேக்கையும் அலுவலகத்தில் செய்து பார்த்தேன். அது பஞ்சு போல இருந்து, ஆறியதும் ரப்பராகிறது. ஓவனில் வரும் அந்த மெல்லிய மொறுமொறுப்பான மேல் ஏடு அதில் இல்லை. அந்த ஏட்டுக்காகத்தான் நான் காத்திருக்கிறேன். மின்செலவு, கம்பி இடைவிடாமல் எரிந்தாலும், மூன்றில் ஒரு பங்கு யூனிட்டைத் தாண்டாது.

வேறு குறுக்கு வழிகளையும் முயன்றேன். கடைக் கேக் மிக்ஸ் ஒருவருக்கு ஒத்துவரவில்லை. பிரித்த பொடியில் அடுத்த மாதம் வண்டு இருந்தது. இரண்டு ரஸ்க்கைப் பாலில் ஊறவைத்து கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிச் சுட்டால் சுவை அருமை, ஆனால் திறந்த டின்னில் மிச்சமிருப்பதை நான்கு நாளில் விரலால் வழித்தே காலி செய்துவிடுகிறேன். போர்பனுக்குப் பதில் குளுக்கோஸ் பிஸ்கட், ஒரு தேக்கரண்டி நெய், ஏலக்காய் என்று மாற்றிச் செய்வது மட்டும் நிலைத்துவிட்டது.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டம்ளரில் ஊற்றினால் அடி ஆழத்தில் வேகாமல் நிற்கும். வாயகன்று தாழ்ந்த டவராவில் பாதி வரை ஊற்றினால், விளிம்பு தொட்டு எழும்பிப் பதினைந்து நிமிடத்தில் ஈர்க்குச்சி ஒட்டாமல் வெளிவருகிறது. சென்ற பொங்கலுக்கு வந்திருந்த அம்மா, முட்டை போடவில்லை என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான்டா இருக்கு, ஆனா டவராவ இப்படிப் பாழாக்கணுமா?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நெய் தடவித்தான் ஊற்றுகிறேன் என்றாலும், விளிம்பில் தீய்ந்த சர்க்கரை பழுப்பு வளையமாகப் படிந்து, வெந்நீரில் ஊறப்போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. அந்த டவராவில் காபி ஆற்றுவதை நிறுத்தி ஒன்றரை ஆண்டாகிறது.